கோல்ஃப் பேக்குக்கு ஏற்ற கார்: டிக்கியை எப்படி அளப்பது, எதை வாங்குவது

கோல்ஃப் பழகத் தொடங்கியவர்கள் பலர், முதல் செட் மட்டைகளை வாங்கிய கையோடு காரைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். டிக்கியில் வைத்தால் கதவு மூடவில்லை. பின்சீட்டில் வைத்தால் வீட்டில் உள்ளவர்கள் உட்கார இடமில்லை. சரி, வேறு கார் பார்ப்போம் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதில்தான் வருகிறது: இந்தக் காருக்கு இத்தனை லிட்டர் டிக்கி, அந்தக் காருக்கு அத்தனை லிட்டர்.

அந்த லிட்டர் எண்ணை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கோல்ஃப் பேக் சுமார் 120 செ.மீ. நீளமுள்ள பொருள். மடங்காது, வளையாது, அமுங்காது. அது ஒரே கோட்டில் படுக்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு இஞ்ச் டேப்பும் உங்கள் பேக்கும் இருந்தால் இந்த வேலையை நீங்களே செய்துவிடலாம்.

முதலில் பேக்கை அளந்துகொள்ளுங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது இது. பேக்கில் எல்லா மட்டைகளையும் வைத்து, உறைகளையும் மாட்டி, தரையில் படுக்க வையுங்கள். அடியிலிருந்து, நீளமான மட்டையின் உறை முடியும் இடம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நீளத்தைத் தீர்மானிப்பது, பந்தை வெகுதூரம் அடிக்க உதவும் டிரைவர் என்ற மட்டைதான். கடையில் வாங்கும் ஆண்களுக்கான டிரைவர் பெரும்பாலும் 45 முதல் 45.5 அங்குலம் இருக்கும், அதாவது ஏறக்குறைய 115 செ.மீ. விதிப்படி, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டரைத் தவிர எந்த மட்டையும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2022 முதல், தொழில்முறைப் போட்டிகளை நடத்துபவர்கள் விரும்பினால் 46 அங்குல வரம்பை வைத்துக்கொள்ளலாம். அதனால் எதிர்காலத்தில் எந்த டிரைவர் வாங்கினாலும் நீளம் பெரிதாக மாறப்போவதில்லை. பேக்கின் அடிப்பாகம், உறையின் தடிமன் எல்லாம் சேர்த்து 120 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.

இரண்டாவது அளவு, டிரைவரையும் அதற்கு அடுத்து நீளமான வுட் வகை மட்டைகளையும் வெளியே எடுத்துவிட்டு மிச்சம் உள்ள பேக்கின் நீளம். இரும்புத் தலையுள்ள ஐயன் மட்டைகளில் நீளமானதே 97 முதல் 99 செ.மீ.தான் என்பதால் இது 100 செ.மீ. பக்கம் வரும். இந்த 20 செ.மீ. வித்தியாசம்தான் பல கார்களில் பேக் நுழைவதையும் நுழையாததையும் முடிவு செய்கிறது. இரண்டு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பேக்கின் தடிமன். தோளில் மாட்டி நடப்பதற்கான ஸ்டாண்ட் பேக்கின் வாய் 20 செ.மீ. சுற்றி இருக்கும். பக்கி என்னும் மைதான வண்டியில் கட்டிச் செல்வதற்கான கார்ட் பேக் 25 செ.மீ. வரை போகும். இதோடு பக்கப் பைகளில் பந்து, குடை, மழைக்கோட்டு அடைத்தால் இன்னும் உப்பும். 14 மட்டைகளும் பந்துகளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து எடை 12 முதல் 14 கிலோ வரை இருக்கும்.

இன்னும் பேக் வாங்கவில்லை என்றால் ஒரு யோசனை: ஸ்டாண்ட் பேக்கே வாங்குங்கள். புதிதாக ஆடுபவருக்கு 14 மட்டையும் தேவையில்லை, ஏழெட்டு போதும். அதற்குப் பெரிய கார்ட் பேக் எதற்கு? பேக்கில் 5 செ.மீ. தடிமன் குறைந்தால், காரில் சில லட்சம் மிச்சப்படுத்தவும் வாய்ப்பு உண்டு.

லிட்டர் கணக்கு எங்கே தவறுகிறது

டிக்கியின் கொள்ளளவைப் பல நிறுவனங்கள் அளக்கும் முறை இது: 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள சின்னக் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை கட்டை நுழைந்ததோ அத்தனை லிட்டர். செங்கல்லைவிடச் சின்ன அந்தக் கட்டை எந்த இடுக்கிலும் புகுந்துகொள்ளும். உங்கள் பேக் புகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று வைத்தால் ஒரு பேக்கின் கொள்ளளவு 75 லிட்டர். மாருதி ஸ்விஃப்ட்டின் டிக்கி 265 லிட்டர். காகிதக் கணக்கில் மூன்று பேக் உள்ளே போக வேண்டும். நடைமுறையில் ஒரு பேக்கைக்கூட மட்டைகளோடு நேராகப் படுக்க வைக்க முடியாது.

இன்னொரு சிக்கல், எந்த உயரம் வரை அளந்தார்கள் என்பது. சிலர் பார்சல் ட்ரே (டிக்கியை மேலே மூடும் பலகை) வரை அளந்து சொல்கிறார்கள், சிலர் கூரை வரை. மஹிந்திரா தார் ராக்ஸுக்கே 447 என்றும் 644 என்றும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது கட்டைகளை வைத்து அளந்தது, இரண்டாவது கூரை வரை. விளம்பரத்தில் எது பெரிதோ அது பெரிய எழுத்தில் வரும். அதனால் இரண்டு கார்களை லிட்டரில் ஒப்பிடும்போது அளந்த முறை ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர், எத்தனை பேக்

வழக்கமான ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். தனியாகப் போகிறீர்களா? நண்பர் ஒருவரையும் ஏற்றிக்கொள்கிறீர்களா? ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தோடு வேறு எங்காவது போக வேண்டுமா? தனியாகப் போகிறவருக்குப் பின்சீட் முழுக்கச் சும்மா இருக்கிறது. சீட்டை மடக்கினால் எந்த ஹேட்ச்பேக்கிலும் பேக் போகும், அவர் கார் மாற்றவே வேண்டாம். நான்கு பேர், நான்கு பேக் என்று ஒரே காரில் போக நினைப்பவருக்கு நம் ஊரில் விற்கும் கார்களில் மிகச் சிலவே பொருந்தும்.

டிராலியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் தள்ளுவண்டிக்கும் சேர்த்து இடம் பார்க்கச் சொல்கின்றன. இங்கே பெரும்பாலான மைதானங்களில் கேடிகள், அதாவது ஆட்டக்காரருக்கு உதவும் ஆட்கள், இருக்கிறார்கள். பேக்கை அவர்களே எடுத்து வருவார்கள், டிராலியும் கிளப்பிலேயே கிடைக்கும். சென்னை நந்தனம் மைதானமோ, கோவை செட்டிப்பாளையமோ, நீங்கள் ஆடப்போகும் இடத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். டிராலி எடுத்துப்போக வேண்டாம் என்றால் உங்கள் தேவை பாதியாகக் குறைந்துவிடும். அந்த இடத்துக்கு ஷூ பை ஒன்று, மாற்று உடை பை ஒன்று, குடை ஒன்று என்று கணக்கு வைத்தால் சரியாக வரும்.

டிக்கியை அளக்கும் முறை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான்.

டிக்கிக்குள் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே மேடு துருத்திக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவில் உள்ள அகலம்தான் முதல் அளவு. பெரும்பாலான கார்களில் இது 100 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். காரின் வெளி அகலம் 180 செ.மீ. என்று போட்டிருக்கலாம், உள்ளே கிடைப்பது அவ்வளவுதான். ஆக, டிரைவரோடு பேக் குறுக்காக நேரே படுக்காது.

அடுத்து, அந்த மேட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவில், விளக்குகளுக்குப் பின்பக்கமாக, ஒரு குழிவு இருக்கிறதா பாருங்கள். பல கார்களில் டிக்கியின் மிக அகலமான இடம் அதுதான். இடம் வலம் இரண்டிலும் குழிவு இருந்தால் அங்கே 120 செ.மீ. கிடைக்கவும் வாய்ப்புண்டு. அப்படிக் கிடைக்கிற கார் கோல்ஃப் ஆடுபவருக்கு வரம். ஆனால் அந்தக் குழிவில் ஒரு பக்கம் சப்வூஃபர் ஸ்பீக்கரோ ஜாக்கியோ உட்கார்ந்திருக்கும். உயர் வேரியன்ட்டில் சப்வூஃபர், கீழ் வேரியன்ட்டில் வெறும் குழிவு என்று ஒரே காருக்குள்ளேயே மாறும். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்டைத்தான் அளக்க வேண்டும்.

மூன்றாவது, சீட்டின் முதுகிலிருந்து கதவு வரை உள்ள ஆழம். இதைத் தரையில் மட்டும் அளந்தால் போதாது. சீட் பின்னால் சாய்ந்திருப்பதாலும் கதவு உள்பக்கம் சரிந்திருப்பதாலும் மேலே போகப் போக ஆழம் குறையும். பேக்கின் தடிமனான 25 செ.மீ. உயரத்திலும் ஒரு தடவை அளங்கள். பின்சீட் சாயும் வசதி இருந்தால் பயணிகள் வசதியாகச் சாய்ந்த நிலையில் வைத்து அளங்கள். குடும்பத்தோடு போகும்போது அப்படித்தானே இருக்கும்.

இப்போது குறுக்குக் கோட்டுக் கணக்கு. "மூலைக்கு மூலை வைத்தால் போய்விடும் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். 100 செ.மீ. அகலம், 70 செ.மீ. ஆழம் என்றால் மூலைக்கு மூலை 122 செ.மீ. வரும், உண்மைதான். ஆனால் அது மெல்லிய கம்பிக்குப் பொருந்தும் கணக்கு. பேக்குக்குத் தடிமன் உண்டு. அதன் நான்கு முனைகளும் சுவரில் முட்டும். 25 செ.மீ. தடிமனுள்ள பொருளுக்கு அதே இடத்தில் கிடைக்கும் நீளம் 100 செ.மீ.தான். சுலபமாக நினைவில் வைக்க: மூலைக்கு மூலை உள்ள நீளத்திலிருந்து பேக்கின் தடிமனைக் கழியுங்கள். மட்டைத் தலைகள் பக்கம் பேக்கைவிடக் கொஞ்சம் ஒடுங்கியிருப்பதால் இதற்கு மேல் சில செ.மீ. கிடைக்கலாம். அதை நம்பி வாங்க வேண்டாம், கிடைத்தால் லாபம்.

அதே அகலத்தில் ஆழம் மட்டும் 100 செ.மீ. ஆனால் என்ன ஆகிறது பாருங்கள். மூலைக்கு மூலை 141. அதில் 25 போனாலும் 116 மிச்சம். செடான் கார்களில் கோல்ஃப் பேக் சுலபமாகப் படுப்பதற்குக் காரணம் இந்த ஆழம்தான்.

கடைசியாக இரண்டு அளவுகள்: டிக்கி வாயின் அகலம், தரையிலிருந்து வாயின் விளிம்பு வரை உள்ள உயரம். உள்ளே இடம் இருந்தும் வாய் ஒடுங்கியிருந்தால் பேக்கைச் சாய்த்து, திருப்பி, சுழற்றி உள்ளே விட வேண்டியிருக்கும். 13 கிலோவைக் குனிந்தபடி அப்படிச் சுழற்றுவது இடுப்புக்கு நல்லதல்ல, அதுவும் ஆடப்போகும் முன். 50 வயதைத் தாண்டியவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே உயரம் குறைந்த விளிம்புள்ள காரைத் தேடலாம்.

எந்த வகைக் கார்

நம் சந்தையில் டிக்கி சின்னதாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள். அன்றிலிருந்து நிறுவனங்கள் காரை 3,995 மி.மீ.க்குள் அடக்கப் பார்க்கின்றன. எஞ்சினையும் பயணிகளையும் குறைக்க முடியாது, எனவே வெட்டு விழுவது டிக்கியில். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் இந்தச் சின்னக் கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று அதே கோடுதான். அந்த 4 மீட்டர் கோட்டைத் தாண்டுவதற்குத் தரும் விலை அதிகம் என்பதால், தாண்டத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

ஹேட்ச்பேக்கும் சின்ன எஸ்.யூ.வி.யும் ஒரே கதைதான். ஸ்விஃப்ட், பலேனோ, பிரெஸ்ஸா, நெக்ஸான் எதுவானாலும் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது முழு பேக் நேராகப் படுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிரைவரையும் வுட்டையும் உருவித் தனியே வைத்தால் ஒரு பேக், சிலவற்றில் இரண்டு போகும். இந்த வகையில் வாங்குபவர்கள் லிட்டரைவிடக் கவனிக்க வேண்டியது பின்சீட் 60:40 ஆகப் பிரிந்து மடங்குகிறதா என்பது. சின்னப் பக்கத்தை மடக்கி பேக்கை நீளவாக்கில் விட்டால், பெரிய பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். ஆக, நான்கு பேரும் இரண்டு பேக்கும் ஒரு சின்னக் காரில். கீழ் வேரியன்ட்டுகளில் சீட் முழுசாகத்தான் மடங்கும், அப்படியானால் பின்னால் யாரும் உட்கார முடியாது. இந்த ஒரு வசதிக்காக ஒரு வேரியன்ட் மேலே போவது நியாயமான செலவு.

ஒரே லிட்டர், வேறு வடிவம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு புதிய டிசையரும் நெக்ஸானும். இரண்டுக்கும் 382 லிட்டர். டிசையருடையது ஒடுங்கிய வாய் உள்ள மூடிய பெட்டி. நெக்ஸானுடையது பின்கதவு முழுக்கத் திறக்கும், பார்சல் ட்ரேயை எடுத்தால் உயரமும் கிடைக்கும். கோல்ஃப் பேக்கை வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றல்ல.

நீளமான செடான்தான் இந்த விளையாட்டுக்கு என் முதல் தேர்வு. ஹோண்டா சிட்டி 506 லிட்டர், ஸ்லாவியாவும் வெர்ட்டஸும் 521, ஹூண்டாய் வெர்னா 528. இங்கே லிட்டர் ஆழமாகக் கிடைக்கிறது, அதனால் உதவுகிறது. இரண்டு பேக் குறுக்குவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் ஷூ பைகள் என்று வைத்துவிட்டு, ஐந்து பேர் உள்ளே உட்கார்ந்து போகலாம். மட்டைகள் வெளியே தெரியாது, அதுவும் பெரிய நிம்மதி. ஸ்லாவியாவில் சீட்டையும் மடக்கினால் 1,050 லிட்டர் வரை போகும். செடானில் பார்க்க வேண்டிய ஒரே குறை டிக்கி மூடியின் கீல் கம்பிகள். மூடும்போது வளைந்த கம்பி டிக்கிக்குள்ளேயே இறங்கி பேக்கின் மேல் அழுத்தும். மூடியை மெதுவாக இறக்கி, எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் தண்டுள்ள டிரைவர் அந்த அழுத்தத்தில் விரிசல் விட்டால் சரி செய்ய முடியாது.

நடுத்தர எஸ்.யூ.வி.களில் ஹூண்டாய் க்ரெட்டா 433, ஹோண்டா எலிவேட் 458. உயரம் உண்டு, ஆழம் செடான் அளவுக்கு இல்லை. எலிவேட்டின் டிக்கி இந்த வகையில் நன்றாகவே இருக்கிறது. க்ரெட்டா வாங்குபவர் டிரைவரை உருவி வைக்கும் பழக்கத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மூன்று வரிசைக் கார்களைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. பெரிய கார், பெரிய டிக்கி என்று நினைக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தால் எர்டிகாவில் மிஞ்சுவது 209 லிட்டர், ஸ்விஃப்ட்டைவிடக் குறைவு. அந்த வரிசையை மடக்கினால் 550 ஆகிறது, அப்போது அருமையான கோல்ஃப் வண்டி. வாடகைக்கு எடுத்து நான்கு பேர் போவதற்கும் இதுவே ஏற்றது. இன்னோவாவில் இரண்டு தலைமுறைக்கும் முக்கியமான வித்தியாசம் உண்டு. கிரிஸ்டாவின் மூன்றாவது வரிசை சீட்டுகள் மடங்கிப் பக்கவாட்டில் மேலே ஏறி நிற்கும். அதனால் அகலம் போய்விடும், பேக்கை நீளவாக்கில்தான் வைக்க முடியும். ஹைகிராஸில் அந்தச் சீட்டுகள் தட்டையாகக் கீழே மடங்குகின்றன. 300 லிட்டர் 991 ஆகிறது. நான்கு பேர், நான்கு பேக் என்ற தேவை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கார் அது.

பணம் குறைவாக இருப்பவர்கள் ரெனோ ட்ரைபரைக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். 4 மீட்டருக்குள் உள்ள கார்தான். ஆனால் மூன்றாவது வரிசை சீட்டுகளை மொத்தமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். 84 லிட்டராக இருந்த டிக்கி 625 லிட்டராகிறது, அதுவும் ஐந்து பேர் உட்காரும் இடம் அப்படியே இருக்க. புதிதாக ஆட வந்த இளைஞர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

பழைய கார் வாங்கலாம் என்றால் ஸ்கோடா ஆக்டேவியாவைத் தேடிப் பாருங்கள். 2023இல் விற்பனை நிறுத்தப்பட்ட அந்தக் கடைசித் தலைமுறைக்கு 600 லிட்டர் டிக்கி. பார்க்கச் செடான் மாதிரி இருந்தாலும் பின்கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் மேலே திறக்கும். செடானின் ஆழமும் ஹேட்ச்பேக்கின் வாயும் ஒரே காரில். பராமரிப்புச் செலவு கூடுதல், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஜிம்னி, தார் போன்றவற்றைக் கோல்ஃபுக்காக வாங்காதீர்கள். ஜிம்னியின் டிக்கி 208 லிட்டர்தான். கதவு பக்கவாட்டில் திறப்பதால் பார்க்கிங்கில் பின்னால் இன்னொரு கார் நின்றால் பேக்கை எடுக்கவும் சிரமம்.

எரிபொருளும் டிக்கியைத் தின்னும்

சி.என்.ஜி. காரில் சிலிண்டர் டிக்கிக்குள் படுத்திருந்தால் கோல்ஃப் பேக்கை மறந்துவிடுங்கள், பின்சீட்தான் கதி. டாடா 2023இல் ஆல்ட்ராஸில் கொண்டுவந்த முறை இதற்கு ஓரளவு தீர்வு. ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைத்தார்கள். ஹூண்டாயும் எக்ஸ்டரில் அதே வழியைப் பிடித்தது. பெட்ரோல் ஆல்ட்ராஸில் 345 லிட்டர் என்றால் சி.என்.ஜி.யில் 210 கிடைக்கிறது. தரை தட்டையாக இருப்பதால் சீட்டை மடக்கி பேக்கை நீட்டி வைக்க வழி உண்டு. ஸ்டெப்னி எங்கே போனது என்றும் கேட்டுவிடுங்கள். பழைய காரில் வெளியே பொருத்திய சிலிண்டர் இருந்தால் ஆர்.சி.யில் அது பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.

ஹைபிரிட் கார்களிலும் இதே கவனம் வேண்டும். கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகையில் பேட்டரிக்காக டிக்கித் தரை மேலே ஏறிவிடுகிறது. சாதாரண வகைக்குச் சொல்லும் 373 லிட்டர் இதற்குப் பொருந்தாது. மின்சாரக் கார்களில் நிலைமை நேர்மாறு. பேட்டரி காருக்கு அடியில் பரவியிருப்பதால் எம்ஜி விண்ட்சர் போன்றவற்றில் 604 லிட்டர் வரை கிடைக்கிறது.

ஷோரூமுக்குப் பேக்கை எடுத்துப் போங்கள்

வெட்கப்பட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து லட்சம் கொடுக்கப்போகிறவர் டிக்கியில் ஒரு பேக்கை வைத்துப் பார்க்கக் கேட்பது முழு உரிமை. போன் செய்து, வாரநாளில் காலை நேரத்தில் போவது நல்லது, அப்போது கூட்டம் இருக்காது. ஷோரூமில் நிற்கும் காட்சிக் காரைவிட டெஸ்ட் டிரைவ் காரில் வைத்துப் பாருங்கள். அதில்தான் ஸ்டெப்னி, ட்ரே, தரைப்பலகை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

முதலில் சீட் எதையும் மடக்காமல், ட்ரேயோடு வையுங்கள். போகவில்லையா, ட்ரேயை எடுத்துவிட்டு வையுங்கள். அதுவும் இல்லையென்றால் டிரைவரையும் வுட்டையும் உருவி மேலே குறுக்காக வையுங்கள். கடைசியாக 60:40 சீட்டை மடக்குங்கள். எந்தப் படியில் பேக் உள்ளே போனதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காருக்கும் இப்படி எழுதினால் மூன்று ஷோரூம் பார்த்த பிறகு குழப்பம் இருக்காது. முதல் படியிலேயே உள்ளே போகும் கார் கிடைத்தால், மற்ற அம்சங்கள் சமமாக இருக்கும்போது, அதையே எடுங்கள்.

பேக் உள்ளே போனால் மட்டும் போதாது. நீங்களே தூக்கி வைத்து, நீங்களே எடுங்கள். விற்பனையாளர் செய்து காட்ட விடாதீர்கள். கதவை மூடும் முன் டிரைவர் தலை விளிம்பைத் தாண்டி நீட்டவில்லை என்று கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பேக்கோடு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரில் மட்டைகள் எப்படிச் சத்தம் போடுகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

வாங்கிய பிறகு

பேக்கைக் கட்டி வைக்க டிக்கியில் கொக்கிகள் இருக்கும். இருபக்கமும் ஒரு வலையோ பட்டையோ மாட்டுங்கள். நகரத்துக்குள் இது பெரிதாகத் தெரியாது. ஊட்டி ஜிம்கானாவிலோ கொடைக்கானலிலோ ஆடலாம் என்று கிளம்பினால் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 13 கிலோ பேக் இடமும் வலமும் உருளும். சீட்டை மடக்கி நீளவாக்கில் வைக்கும்போது பேக்கின் அடிப்பாகம் முன்சீட்டின் முதுகில் முட்டி நிற்கட்டும், மட்டைத் தலைகள் பின்பக்கம் இருக்கட்டும். திடீர் பிரேக் போட்டால் பேக் ஏற்கெனவே முட்டி நிற்பதால் பாயாது.

சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் மட்டைகளை நாள் முழுக்க விடாதீர்கள். பிடியின் ரப்பரும் ஒட்டுப்பசையும் நாளடைவில் கெடும். மழைக்காலத்தில் நேர்மாறான பிரச்சினை. நனைந்த பேக்கை டிக்கியில் மூடி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும், ஐயன் தலைகளில் துருவும் ஏறும். வீட்டுக்கு வந்ததும் பேக்கை வெளியே எடுத்து நிறுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீடு மாடியில் இருந்தால் அலுப்பாகத்தான் இருக்கும், குறைந்தது மட்டைகளையாவது மேலே கொண்டுபோங்கள்.

டெலிவரி எடுக்கும் நாளில் பேக்கை மறுபடியும் எடுத்துப் போங்கள். பார்சல் ட்ரே பல கார்களில் அக்ஸசரியாகத்தான் வரும். ஷோரூம்காரர்கள் பொருத்திக் கொடுக்கும் கெட்டியான டிக்கி மேட், கூடுதல் ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் நீங்கள் முன்பு அளந்த இடத்தைச் சுருக்கும். பேக்கை வைத்து, கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.